மக்கரேனா மாமாக்கள்

இங்கே புனேயில் எங்க சொசைட்டி நியூ இயர் பார்ட்டியில் 'மக்கரேனா' போட்டால் மாமிகள்கூட கையை நீட்டி ஆடிவிடுவார்கள். பாடியவர்கள் யார் தெரியுமோ? ஸ்பெயினில் செவில் பக்கத்து தோஸ் எர்மானாஸ் ஊர்க்காரர்கள், அந்தோனியோ ரொமேரோ, ரஃபேல் ரூயிஸ். 'லோஸ் தெல் ரியோ' என்று 1960-களிலிருந்தே ஜோடியாகப் பாடியவர்கள். 1992-ல் வெனிசுவேலாவில் ஒரு பெண்ணின் ஃப்ளமெங்கோ ஆட்டம் பார்த்ததும் பிறந்த பாட்டு, 1993-ல் வெளியானது. அப்புறம் மயாமியில் 'பேசைட் பாய்ஸ்' ஆங்கில வரிகள் சேர்த்து ரீமிக்ஸ் செய்ய, 1996-ல் பில்போர்டில் 14 வாரம் முதலிடம்! அப்போது இருவருக்கும் வயசு ஐம்பதை நெருங்கிவிட்டது. அப்படியொரு ஹிட் மறுபடி வரவில்லை. 'ஒரே பாட்டுக்காரர்கள்' என்று உலகம் சிரிக்கிறது. அதற்கு முன் பாடிய 30 வருஷம் யார் கணக்கில்? லீவில் ஊருக்குப் போனால் "அங்க போயி என்னப்பா சாதிச்சே?" என்பார்கள். எனக்கு இந்த இரண்டு பேர் ஞாபகம்தான் வரும்.