சாவியும் திறவுகோலும்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல், கைவினைப் பூட்டுகளுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-ஆம் ஆண்டில் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. அங்கே உருவாகும் மாங்காய்ப் பூட்டு இன்றும் நம் ஊர்க் கதவுகளில் தொங்கக் காண்கிறோம்.

அப்பூட்டைத் திறக்கும் 'சாவி' என்ற சொல்லோ கடல் கடந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியரின் 'சாவே' என்ற சொல்லே நம் நாவில் சாவியாயிற்று. சன்னல், அலமாரி, மேசை ஆகியனவும் அவ்வாறு வந்தவையே. நம் பழஞ்சொல்லாகிய 'திறவுகோல்' திருமறை நூலில் நிலைத்தது. சாவி இடுப்பு முடிச்சில் குடியேறியது. இரண்டையும் பாட்டி அறிவார்; எனவே வீடு காவலாயிருந்தது.

இன்று அதே பாட்டியின் கையில் கைப்பேசி இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் ஆறிலக்க எண்ணே அவருடைய சேமிப்பின் சாவி. 'எவரிடமும் சொல்லாதீர்' என்ற எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. ஏமாற்றுபவனோ இனிய தமிழில் பேசுகிறான்! புரியாத மொழியில் எழுதிய காவல், பூட்டாத கதவுக்கு ஒப்பானதன்றோ?

'கடவுச்சொல்' என்ற புதுச்சொல் பிறந்துவிட்டது. ஆயினும் அது இன்னும் இடுப்பு முடிச்சை எட்டவில்லை. அதுவரை நாம் நம் முதியோர் அருகே அமர்ந்து, "இவ்வெண் நம் வீட்டுச் சாவி, வழிப்போக்கரிடம் கொடுப்போமா?" என்று எடுத்துரைப்போம். அந்த ஒரு சொல் அவர்களுக்குப் போதும்.