புங்குடுதீவின் பழைய வீடுகள்

கடல் சூழ்ந்த புங்குடுதீவிலே வெயிலும் உப்புக்காற்றும் மிகுதி, நன்னீர் அரிது. ஆதலின், யாழ்ப்பாண மரபையொட்டி அங்கு வீடெடுத்தோர் உறைவாரின் தேவையையே அளவாகக் கொண்டனர். பனஞ்சலாகை தாங்கிய தாழ்கூரை வெயிலை மறைத்தது. கிடுகுவேலி அயலார் பார்வையைத் தடுத்தும் காற்றை விடுத்தது. வசதியுடையோரின் நாற்சார் வீடுகளில் நடுமுற்றம் ஒளிக்கும் காற்றுக்கும் வாயிலாயிற்று. தானியம் உலர்த்தவும் மணவினை நிகழ்த்தவும் அதுவே இடம்.

இவற்றுள் தனித்து ஆராயத்தக்கது சங்கடப்படலை. தெருவாயிலிற் கூரையிட்டு, இருமருங்கும் திண்ணை அமைத்து, வழிப்போக்கர் இளைப்பாறுதற்கென வளவின் ஒரு பகுதியை ஒதுக்கினர். அத்திண்ணையிலே எல்லாச் சாதியாரும் ஒப்ப அமர்ந்திலர் என்பதை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அடாது.

1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கு அமைத்த இல்லம் நடுமுற்றத்தைச் சூழ்ந்தே எழுந்தது. நகரத்துச் சிறுநிலத்திற்கும் முற்றம் பொருந்துமென்பது அதனாற் புலனாயிற்று.

புங்குடுதீவிலோ 1991இல் போர் காரணமாக மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். ஆளற்ற வீடுகள் பல கூரையிழந்தன; முற்றத்தில் மரங்கள் முளைத்தன. பின்னர் எழுந்த சீமெந்து வீடுகள் பலவற்றில் கிடுகுவேலி நின்ற இடத்தில் மதிலும், முற்றம் இருந்த இடத்தில் மூடிய கூடமும் அமைந்துள்ளன.