கை இறங்கியாச்சு

என்னிடம் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. வட்டமான சிக்னல் கண்ணாடியின் உடைந்த பாதி. ஆடிக் காற்றில் உடைந்து விழுந்ததை அப்பா துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. "சிக்னல் பச்சைக் கண்ணாடி பாத்திருக்கியாலே, இந்தா" என்று கையில் கொடுத்தார். பார்த்தால் நீலமாக இருந்தது. "இது நீலம்லாப்பா?" என்றேன். "இருட்டட்டும்" என்றார், அவ்வளவுதான். இருட்டியதும் அரிக்கேன் விளக்கை ஏற்றி, அதற்கு முன்னால் அந்தத் துண்டைப் பிடித்தார். சுடர் பச்சையாகத் தெரிந்தது.

பின்னாளில் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் ஆனேன். ஒளி பாடம் வரும் ஒவ்வொரு வருஷமும் அந்தத் துண்டை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போவேன். மண்ணெண்ணெய்ச் சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் ரொம்பக் குறைவு. அசல் பச்சைக் கண்ணாடியை அதன் முன்னால் வைத்தால் வெளிச்சம் மஞ்சளடித்துப் போகும். கொஞ்சம் நீலம் கலந்த கண்ணாடிதான் சிவப்பைத் தடுத்து நல்ல பச்சையைக் காட்டும். இதைக் கணக்குப் போட்டுச் செய்தவர்கள் எங்கோ இருந்தார்கள். அந்த விளக்குக்குத் தினமும் சாயங்காலம் எண்ணெய் ஊற்றி, திரி கத்தரித்து, புகை துடைத்து, ஏணியில் ஏறி வைத்தவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்பா வேலை பார்த்தது செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையில். லாம்ப்மேனாகச் சேர்ந்து பாயின்ட்ஸ்மேனாக ஓய்வு பெற்றார். இந்தப் பாதையைப் போட்டது சவுத் இந்தியன் ரயில்வே. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை 1903-ல் வண்டி வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம்–புனலூர் 1904 ஜூனில் திறந்தது. நடுவில் மிச்சம் இருந்தது 49 கிலோமீட்டர் மலை. குடைந்து, பாலம் கட்டி, அதே வருஷம் நவம்பரில் அதையும் முடித்தார்கள். 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு நேர்பாதை வந்ததும் மதராஸ்–கொல்லம் போக்குவரத்து இந்த வழியில் பெருகியது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

கொல்லம் மெயிலையும் நாகூர்–கொல்லம் பாசஞ்சரையும் இன்றைக்கும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். ஆரியங்காவு சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்கள், நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டவர்கள், குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் என்று எல்லாரும் அதில்தான். ஏற்றத்தில் ஒரு எஞ்சின் போதாது. முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ளும். இரண்டு எஞ்சின் டிரைவர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. விசில்தான் பேச்சு. பகவதிபுரம் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் குகை வரும். நிலக்கரி காலத்தில் பயணிகள் ஷட்டரை இறக்கிக்கொள்வார்கள். பின் எஞ்சின்காரர்கள் முன் எஞ்சினின் புகையையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பார்களாம்.

சிக்னலுக்கு எங்கள் ஊரில் கைகாட்டி என்றுதான் பேர். உயரமான கம்பத்தில் சிவப்புக் கை, அதில் ஒரு வெள்ளைப் பட்டை. கை நேராக நீட்டியிருந்தால் நில். கீழே சாய்ந்தால் வா. ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளி ஒன்று அவுட்டர், உள்ளே ஒன்று ஹோம், புறப்படும் பக்கம் ஸ்டார்ட்டர். வண்டி பிடிக்க வருகிறவர்கள் கடிகாரம் பார்த்ததே இல்லை. தூரத்திலிருந்தே கம்பத்தைப் பார்த்துவிட்டு, "கை இறங்கியாச்சு, ஓடு!" என்று பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

லீவரை இழுத்தால், தரையோடு போகும் கம்பி, சின்னச் சின்ன உருளைகளின் மேல் ஓடி, நூற்றுக்கணக்கான கஜம் தள்ளி அந்தக் கையைச் சாய்க்கும். சித்திரை வெயிலில் கம்பி நீண்டுவிடும், கை அரைகுறையாக நிற்கும். மார்கழியில் சுருங்கிவிடும். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். கம்பி அறுந்தே போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஒரு பாரம் தொங்கும். கம்பி அறுந்த மாத்திரத்தில் அந்தப் பாரம் கையை மேலே தூக்கி 'நில்' என்று வைத்துவிடும். கருவி கெட்டால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது. சிக்னல் வேலையில் எதைத் தொட்டாலும் இந்த ஒரு நியதி இருக்கும். விளக்கின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கை நீட்டியிருக்கும்போது அதன் வழியே வெள்ளைப் பொட்டு ஒன்று ஸ்டேஷன் பக்கம் தெரியும். பிளாட்பாரத்தில் நின்றே விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி சாப்பிடும்போதுகூட அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார்.

'லைன் கிளியர்' என்று இன்று யார் யாரோ எதற்கெதற்கோ சொல்கிறார்கள். அந்த வார்த்தை பிறந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். நீல்ஸ் டோக்கன் கருவி என்று பேர். இதே மாதிரி ஒன்று அடுத்த ஸ்டேஷனிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மின்கம்பி. பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்குகிற உலோக உருண்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்டேஷன்களின் எழுத்தும் ஒரு நம்பரும் வெட்டியிருக்கும். எஸ்.சி.டி. என்றால் செங்கோட்டை. ஒற்றைப் பாதையில் அந்த உருண்டை கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம்.

மாஸ்டர் ஒரு மணி அடிப்பார். "கவனி" என்று அர்த்தம். அந்தப் பக்கமும் ஒரு மணி. பிறகு இரண்டு மணி. பாதை காலியா, வண்டி அனுப்பலாமா என்ற கேள்வி. அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்துத் தன் பெட்டியின் பிடியைத் திருப்பி மின்சாரம் கொடுத்தால்தான் இங்கே உருண்டை விழும். ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதோ ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை, இங்கேயும் சரி அங்கேயும் சரி, இன்னொன்றை எடுக்கவே முடியாது. அதனால்தான் ஒரே பாதையில் இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வராது. வண்டி புறப்பட்டால் மூன்று மணி. போய்ச் சேர்ந்தால் நான்கு. ஆபத்து என்றால் ஆறு. கருவியைச் சோதிக்கப் பதினாறு. சின்ன வயதில் எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே இந்தக் கணக்கு மனப்பாடம். குகைக்கு அந்தப் பக்கம் மலையாளம் பேசும் மாஸ்டர், இந்தப் பக்கம் தமிழ் பேசும் மாஸ்டர். பல வருஷம் தினமும் மணியடித்துப் பேசியவர்கள், ஒருவர் மகள் கல்யாணத்தில்தான் மற்றவர் முகத்தையே பார்த்தார்கள் என்று அப்பா சொல்வார்.

நான்கு மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மாட்டேன், ஏனென்றால் அது அப்பாவின் வேலை. வந்த வண்டி முழுசாக வந்ததா என்று பார்க்க வேண்டும். மலையில் கப்ளிங் அறுந்து கடைசிப் பெட்டி இரண்டு குகைக்குள்ளேயே நின்றுவிட்டால், பாதை காலி என்று நினைத்து அடுத்த வண்டியை அனுப்பிவிடக் கூடாது. பகலில் கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' பலகை, ராத்திரியில் சிவப்பு விளக்கு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்பா கைவிளக்கை அசைத்துக் காட்டினால்தான் மாஸ்டர் மணியில் கை வைப்பார். மலை மஞ்சு இறங்கிய ராத்திரிகளில் பத்தடி தூரத்து விளக்கே தெரியாது. அப்பா வண்டியோடு சேர்ந்து கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து போவார். பலகையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

மெயில் நிற்காத ஸ்டேஷனில் உருண்டையை ஓடும் வண்டியில் கொடுக்க வேண்டும். பெரிய பிரம்பு வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் உருண்டை. பாயின்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்துக்குள் நுழைத்து வாங்கிக்கொள்வார்கள். பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழும். வாங்குகிற தோள் கன்றிப் போகும்.

1971 ஐப்பசி. அடைமழை. அப்பா வேலை பார்த்த ஸ்டேஷன்களில் ஒன்று. மெயில் நிதானமாகத்தான் வந்தது. அப்பா வளையத்தைக் கொடுத்தார், எஞ்சினில் வாங்கியும் கொண்டார்கள். ஆனால் கொஞ்ச தூரத்தில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் பையைத் தடவிப் பார்த்திருக்கிறார். உள்ளே உருண்டை இல்லை. பைத் தையல் மழையில் இற்றுப் போயிருந்தது. நாங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஓடினோம். அப்பா, ஃபயர்மேன், கார்டு, கேட்கீப்பர், அவர் மனைவி, அம்மா, நான். நான்கு கைவிளக்குகளை வைத்துக்கொண்டு பாதை ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினோம். ஒரு பக்கம் பள்ளம். உருண்டை அங்கே போயிருந்தால் அவ்வளவுதான். கருவி முடங்கும், சிக்னல் இன்ஸ்பெக்டர் வந்து சரிசெய்யும்வரை ஒவ்வொரு வண்டிக்கும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் கேட்கீப்பர் மனைவியின் காலில்தான் தட்டுப்பட்டது. ஓடைத் தண்ணீரில், இரண்டு கல்லுக்கு நடுவே. டிரைவர் அதை வாங்கி, வேட்டித் துணியால் துடைத்து, விளக்கில் காட்டி, எழுத்தையும் நம்பரையும் வாய்விட்டு வாசித்தார். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இந்த இடத்துக்கான உருண்டைதானா என்று மறுபடி ஒரு தடவை வாசித்தார். அப்புறம்தான் விசில். அடுத்த வாரம் அப்பா ஸ்டேஷனில் இருந்த எல்லாப் பைகளையும் செருப்புத் தைக்கிற நூலால் தானே உட்கார்ந்து தைத்தார்.

நிலக்கரி போய் டீசல் வந்தது. ஒய்.டி.எம். 4 எஞ்சின்கள் முன்னும் பின்னும் ஓடின. கைகாட்டியும் உருண்டையும் மட்டும் மாறாமல் இருந்தன. விருதுநகர் பக்கமிருந்து அகலப்பாதை செங்கோட்டை வரை வந்த பிறகும், மலையில் மீட்டர்கேஜ்தான் ஓடியது. 2010 செப்டம்பரில் அதையும் நிறுத்தினார்கள். கடைசி வண்டிக்கு மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், பாட்டிகள் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் பகவதிபுரத்தில் நின்று கைகாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி போன பிறகு கை மேலே ஏறியது. அப்பா அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார்.

2018 ஜூனில் அகலப்பாதை திறந்ததும் நானும் போய்வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்ண விளக்கு சிக்னல் பளிச்சென்று தெரிகிறது, ஏணியில் ஏறிக் கால் வழுக்கி விழ யாருக்கும் அவசியமில்லை. கழுத்துருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தை இடிக்காமல் கான்கிரீட்டால் பலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுக்காத சுற்றுலாக்காரர் இல்லை. கல் பிழைத்துவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மணி எண்ணிக்கையும், கம்பி முறுக்கும் பக்குவமும், மஞ்சில் கடைசிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்த கையும் எந்தப் படத்திலும் இல்லை.

அதனால் நாங்கள் நான்கு பேர் ஒரு வேலை செய்கிறோம். தென்காசியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர், புனலூரில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், முன்னாள் கார்டு ஒருவர், நான். இந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களின் வீடு தேடிப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். கேட்கீப்பர் மனைவி இப்போதும் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். "உருண்டையை எடுத்தது நான்தான்னு எழுதுவியாய்யா?" என்று போன மாசம் கேட்டார். எழுதிவிட்டேன், அம்மா.

இந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்துகொண்டால்கூடப் போதும். பரணில் பழைய கைவிளக்கோ பிரம்பு வளையமோ டூட்டி நோட்டோ கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.