தாழி முதல் தூம்பா வரை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மனுஷனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. இருக்கும்வரை அவன் சம்பாதிப்பான், இறந்த அன்று வீட்டார் செலவழிப்பார்கள். ஐஸ் பெட்டி வாடகை, பந்தல், நாற்காலி, பேண்டு, பூ, போஸ்டர், சவப்பெட்டி, கல்லறை, அதன் மேல் கிரானைட் என்று பட்டியல் நீளும்.

பெட்டிக்கடையில் ஒரு வாழைப்பழத்துக்குக் கூட நாம் பேரம் பேசுவோம். ஆனால் இந்த இன்னொரு பெட்டிக்கடையில் யாருக்கும் வாய் வராது. "இதைவிடக் குறைச்சலா ஒண்ணு இருக்கா?" என்று கேட்டால் கூட வந்த மாமா முறைப்பார். பித்தளைக் கைப்பிடி வைத்ததைக் காட்டினால் தலையாட்டிவிட்டு வருவோம். அந்தப் பித்தளை மறுநாள் மண்ணுக்குள் இருக்கும்.

இந்தச் செலவு இன்று நேற்று வந்ததல்ல. நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூரைப் பாருங்கள். 1876-ல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் தோண்டினார். பெரிய பெரிய முதுமக்கள் தாழிகள், உள்ளே எலும்புகள், கூடவே இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருள்கள், பொன் நெற்றிப் பட்டங்கள். போகும்போது யாரும் எதையும் கொண்டு போவதில்லை என்று நாம் தத்துவம் பேசுகிறோம். தாமிரபரணிக் கரையில் கொண்டுதான் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொன் பட்டங்கள் மிக மெல்லிய தகடு. அன்றைக்கும் வீட்டில் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்திருப்பார் போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் பெட்டிக்கடைக்காரர் குயவர்தான். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இவ்வளவு பெரிய புகழுடையவனுக்கு எந்த அளவில் தாழி செய்வாய், உலகையே சக்கரமாக்கி மேரு மலையையே மண்ணாக்கினால்தான் முடியும் என்று அவர் குயவரிடம் இரங்கிச் சொல்கிறார். நல்லவேளை, அதைக் கேட்டு எந்தக் குயவரும் அந்த அளவுக்கு விலை சொன்னதாகப் பாட்டில் இல்லை.

அளவுப் பிரச்சினை நம் கடற்கரையின் புனிதரையும் விடவில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரச் சான்சியன் தீவில் இறந்தார். அவரை மரப்பெட்டியில் வைத்துச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை மட்டும் கொண்டுபோகலாம் என்பது யோசனை. 1553 பிப்ரவரியில் திறந்தால் உடல் அப்படியே இருந்தது. மலாக்காவுக்குக் கொண்டுபோய், அங்கே பெட்டியே இல்லாமல் மண்ணில் வைத்தார்கள். குழி நீளம் போதாமல் தலையை வளைத்து வைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 1554-ல் கோவா போய்ச் சேர்ந்தார். 1637-ல் அவருக்கு வெள்ளிப் பேழை வந்தது. 1698-ல் டஸ்கனி நாட்டுப் பிரபு கொடுத்த சலவைக்கல் பீடமும் வந்தது. சுற்றிலும் எளியவர் நடுவில் எளிமையாக வாழ்ந்தவருக்கு, இறந்தபின் இத்தனை ஆடம்பரம். அவரைக் கேட்டிருந்தால் சுண்ணாம்புப் பெட்டியே போதும் என்றிருப்பார்.

போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற வேறொரு பொருள்தான் எனக்குப் பிடித்தது. அது தூம்பா. அவர்கள் மொழியில் 'தும்பா' என்றால் பாடை. 1498-ல் லிஸ்பனில் அரசி லியோனோர் தொடங்கிய மிசெரிகோர்தியா சபையார், ஏழைகளின் உடலை அதில் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள். நமக்குப் பெரிய வெள்ளி தூம்பா பவனியில் அந்தச் சொல் பழக்கம். நம் தலைமுறைக்கு இன்னொரு தூம்பாவும் நினைவிருக்கும். அது கோயிலுக்குச் சொந்தமான பொதுப்பெட்டி. சம்மாட்டியானாலும் கூலிக்காரரானாலும் அதே பெட்டிதான். ஆளைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டி திரும்பி வந்துவிடும், அடுத்தவருக்காக.

இதே யோசனையை ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-ல் சட்டமாகவே போட்டார். அடிப்பலகை திறந்து உடல் கீழே இறங்கும் பெட்டி, அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு. வியன்னா மக்கள் கொதித்தெழுந்தார்கள். சில மாதங்களில் அரசர் பின்வாங்கினார். கோயில் பெட்டியை நம்மவர்கள் ஏற்றதற்குக் காரணம், அது ஊரே சேர்ந்து வைத்துக்கொண்ட வழக்கம். மேலிருந்து வந்த சிக்கன உத்தரவை யார் ஏற்பார்கள்?

ஆப்பிரிக்காவில் கானா நாட்டு மீனவர்கள் வேறு மாதிரி. அக்ரா பக்கம் தெஷி என்ற ஊரில் மீன் வடிவத்திலும் படகு வடிவத்திலும் சவப்பெட்டி செய்கிறார்கள். அது இங்கே வந்தால் சங்கு வடிவப் பெட்டிக்கு நம் ஊரில் முன்பதிவு நடக்கும். வலம்புரி என்றால் விலை தனி!

சிரிப்பு இருக்கட்டும். 2017 ஒக்கி புயலில் குமரிக் கடற்கரை வீடுகள் பலவற்றுக்கு உடலே திரும்பி வரவில்லை. அங்கே போய்ச் சவப்பெட்டி வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பெட்டியை மூடி, ஒரு குழியில் வைத்து, ஒரு பிடி மண் போடுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அது கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே பெட்டி வேண்டும். பித்தளைக் கைப்பிடிக்காகக் கடன் வாங்குவதுதான் வேண்டாம்.

அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளால் பேரம் பேச முடியாது. அவர்களுக்காக நாம்தான் இப்போதே பேசி வைக்க வேண்டும். என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: சாதாரணப் பெட்டி, ஃபிளெக்ஸ் வேண்டாம், மிச்சப் பணத்தில் துட்டிக்கு வருகிறவர்களுக்கு நல்ல காப்பி. குழியை மட்டும் நீளம் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.