வயலில் பிறந்த சர்க்கரை

காரைக்கால் அம்மையாராலும் ரத்தின சபையாலும் பெயர்பெற்ற திருவாலங்காட்டில்தான் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. அங்கே மூட்டையேறும் ஒரு சர்க்கரைத் துகளின் கதையை முறையாகச் சொன்னால், பள்ளி வேதியியலின் அடிப்படைகள் பலவும் அதற்குள் வந்துவிடும்.

அந்தத் துகள் பிறந்தது ஆலையில் அல்ல; வயலில். கரும்பின் இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. வேர் மண்ணிலிருந்து நீரை எடுக்கிறது. வெயிலின் ஆற்றலைக் கொண்டு பயிர் இவ்விரண்டையும் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரைக்குப் பெயர் சுக்ரோஸ். அதன் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள். அடுப்புக் கரி கார்பன்தான், அது இனிக்காது. ஹைட்ரஜன் எரியும் வாயு. இவை ஆக்சிஜனோடு கூடிப் பிறந்த சுக்ரோஸ் இனிக்கிறது. தனிமங்கள் தம் குணத்தை விட்டுப் புதுக்குணம் பெறுவதே சேர்மம்.

வெட்டிய கரும்பைச் சீக்கிரம் அரைத்துவிட வேண்டும். தாமதித்தால் நொதிகளும் நுண்ணுயிர்களும் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என உடைத்துவிடும். இரண்டும் இனிக்கும், ஆனால் சுக்ரோஸைப் போல எளிதில் படிகமாகாது. உடைந்ததை ஆலையால் மீண்டும் ஒட்டவைக்க முடியாது. வேதி மாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை லோடு இறக்கக் காத்திருக்கும் விவசாயி நன்கு அறிவார்.

அரவையில் வரும் சாறு ஒரு கலவை. சர்க்கரையோடு மண், மெழுகு, புரதம், நிறப்பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. சாறு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். மதிப்பு சுமார் 5.5. அமிலத்தோடு சூடேறினால் சுக்ரோஸ் உடையும். ஆகவே காரமான சுண்ணாம்புப் பால் சேர்க்கிறார்கள். கந்தகத்தை எரித்துக் கிடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவையும் செலுத்தி, சாற்றை நடுநிலைக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். சுண்ணாம்பும் வாயுவும் வினைபுரிந்து உருவாகும் வீழ்படிவு அழுக்கையும் சேர்த்துக்கொண்டு அடியில் படிகிறது. மேலே தெளிந்த சாறு நிற்கும். அடியில் தங்கும் ஆலைக்கழிவு மண் வயலுக்கு உரமாகிறது.

தெளிந்த சாற்றின் நீரை ஆவியாக்கினால் பாகு. கடும் சூட்டில் பாகு கருகும் என்பதால், காற்றழுத்தத்தைக் குறைத்து ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கவைக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பாகு தெவிட்டிய நிலையைத் தாண்டியதும் பொடிச் சர்க்கரையை விதையாக இடுகிறார்கள். அதைச் சுற்றிப் படிகங்கள் வளர்கின்றன. வேகமாகச் சுழலும் எந்திரம் படிகமாகாமல் எஞ்சிய பாகான மொலாசஸைப் பிரித்தெடுக்க, வெள்ளைப் படிகம் மிஞ்சுகிறது. பிழிந்த சக்கை கொதிகலனில் எரிந்து ஆலைக்கு நீராவி தருகிறது. ஒரு டன் கரும்புக்குக் கிடைப்பது சுமார் 90 முதல் 100 கிலோ சர்க்கரை.

இத்தனை வேலைக்குப் பிறகும் சுக்ரோஸ் மூலக்கூறு வயலில் இருந்தபடியே இருக்கிறது. ஆலை சர்க்கரையைச் செய்வதில்லை, பிரித்தெடுக்கிறது. சுண்ணாம்பின் வினையெல்லாம் அந்த வாயுவோடும் சுக்ரோஸை ஒட்டியிருந்த அழுக்கோடும்தான். இயற்பியல் மாற்றம், வேதி மாற்றம் என்று இரண்டு வரையறைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால், பாடம் மறக்காது.

வகுப்பறையிலும் இதைச் செய்துகாட்டலாம். சுண்ணாம்பு நீர் பட்டால் மஞ்சள் தடவிய தாள் சிவக்கும். ஆறவைத்த கெட்டிச் சர்க்கரைக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டால் சில நாளில் கற்கண்டு திரளும். திருத்தணி, பள்ளிப்பட்டு, திருவள்ளூர் வட்டார ஆசிரியர்களே, அரவைப் பருவத்தில் முன்அனுமதி பெற்று, பாதுகாப்போடு மாணவர்களை ஆலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சமன்பாட்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் அவர்கள் சாறு தெளிவதைப் பார்க்கட்டும்.