கால்நடைகளின் காயமும் கைமருந்தும்

கரவெட்டி போன்ற வடமராட்சிக் கிராமங்களில் மாட்டுக்கோ ஆட்டுக்கோ காயம் ஏற்பட்டால் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தேடுவது பழைய வழக்கமாகும். இவ்வைத்தியத்தைக் கண்மூடிப் போற்றுவதும் தவறு; மூடப்பழக்கமென ஒதுக்குவதும் தவறு. இதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்குச் சீனரின் குதிரை வைத்தியம் நல்லதொரு பாடமாக அமைகின்றது.

சீனாவில் யூ குடும்பச் சகோதரர் இருவர் குதிரை வைத்தியம் பற்றித் தொகுத்த நூல் 1608ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூலிகை மருந்துகளும் ஊசி குத்தும் சிகிச்சையும் அதில் இடம்பெற்றன. 1902இல் உருவான 'யுன்னான் பையாவ்' என்ற மருந்துத்தூள், குருதிப்பெருக்கை நிறுத்துவதற்கென மனிதருக்கும் விலங்குகளுக்கும் பயன்படுத்தப்படுகின்றது. ஆயினும், ஓட்டத்தின்போது நுரையீரலில் குருதி கசியும் குதிரைகளுக்கு இதனைக் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வில் பயன் காணப்படவில்லை. புகழ்பெற்ற மருந்தையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

குதிரையின் காயம் எளிதில் ஆறுவதில்லை. முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. தோலும் தளர்வாக இல்லை. அவ்விடத்துக் காயத்தில் புதுச்சதை அளவுக்கு மீறி வளர்ந்து, தோல் மூடுவதைத் தடுப்பதுண்டு. ஏற்புவலி நோய்க்கும் குதிரை மிக எளிதில் இலக்காகும். அந்நோய்க்கான கிருமி மண்ணில் வாழ்வதால், எந்த மூலிகைப் பூச்சும் தடுப்பூசிக்கு ஈடாகாது. அதேவேளை, பாட்டி வைத்தியமெனக் கருதப்பட்ட தேன் ஆய்விலும் தேறியுள்ளது. நியூசிலாந்தின் மனுக்காத் தேனைக் குதிரைகளின் கால் காயங்களில் இட்டு அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்தபோது, தொடக்க நாட்களில் காயம் விரிவடைவது குறைந்தமை கண்டறியப்பட்டது.

குதிரை எமக்கு அந்நியமான விலங்கன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோபோலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இறக்கப்பட்டதையும், அவற்றைப் பேணத் தெரிந்த வைத்தியர் இல்லாமையால் பெரும்பாலானவை மாண்டதையும் எழுதியுள்ளார். அரபு மொழியிலோ அக்காலத்துக்கு முன்பே 'பைதரா' எனப்படும் கால்நடை வைத்தியம் தனித் துறையாக நூல்களில் பதிவாகியிருந்தது. குதிரை வந்த கப்பலில் அவ்வறிவும் உடன் வந்திருப்பின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

இன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் அந்நிய ஆட்சிக் காலத்தின் எச்சமாக வாழ்கின்றன. அவை நடமாடும் பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கடல் கடந்து வைத்தியர் செல்லவேண்டிய தீவில், காயமுற்ற விலங்குக்கு முதலுதவி என்னவென்று அறிந்தவர்கள் அங்கேயே இருப்பது அவசியமாகும்.

அம்முதலுதவி எல்லாக் கால்நடைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றேயாகும். குருதி பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவேண்டும். பின்னர் கொதித்தாறிய உப்புநீரால் மண்ணையும் அழுக்கையும் கழுவவேண்டும். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசுவது ஈக்களை விலக்கும்; மஞ்சளுக்குக் கிருமிகளை ஒடுக்கும் தன்மை உண்டு. ஆனால் கழுவாத புண்ணின் மேல் இவற்றை அப்புவது அழுக்கை உள்ளே அடைப்பதாகவே முடியும். மண்ணெண்ணெய், சாணம் போன்றவற்றை அறவே தவிர்க்கவேண்டும். ஆழமான காயம், மூட்டருகே பட்ட காயம், புழு வைத்த புண் ஆகியவற்றுக்குத் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை நாடவேண்டும்.

சீனர் தமது முறைகளை எழுதிவைத்தனர். பிற்காலத்தவர் அவற்றைச் சோதிக்கவும் முடிந்தது. எமது மாட்டு வாகடங்களில் பல ஏடுகளிலும் முதியோர் நினைவிலுமே தங்கியுள்ளன. எழுதப்படாத மருந்தைச் சோதிக்க இயலாது. சோதிக்காத மருந்தை நம்பவும் இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவமும் கால்நடை விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகின்றன. இவ்விரு துறையினரும் கிராமங்களுக்குச் சென்று, முதியோர் இருக்கும்போதே அவர்களின் அனுபவ அறிவைப் பதிவு செய்து ஆராயவேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும். வலியை வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறும் அதுவேயாகும்.