பாராமகால் கணக்கில் ரயத்து யார்?

ஆங்கில இலக்கியம் படிக்கும் ஊத்தங்கரைத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, பிரிட்டிஷ் வரலாற்றை ஆராய்ச்சி பண்ணி நமக்கு என்ன ஆகப்போகுது? நம்ம சேரி வரலாற்றையே எழுத ஆளில்லை."

நம் சேரி வரலாற்றில் ஒரு பெரும்பகுதி பிரிட்டிஷ் வரலாறு என்ற பெயரில்தான் கிடக்கிறது என்பதே அவனுக்கு நான் சொன்ன பதில். அதற்கு ஊத்தங்கரையைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய பகுதிகளில் ஒன்று பாராமகால். இன்றைய கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர், தருமபுரி எல்லாம் அதில் அடங்கும். வரி வசூலிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள். அதில் ஒருவர் கிளாஸ்கோவிலிருந்து வந்த தாமஸ் மன்றோ. இன்றும் சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1799 வரை இந்த மண்ணில் இருந்து அவர் கற்றுக்கொண்டதுதான், 1820இல் அவர் சென்னை மாகாண ஆளுநரானபோது மாகாணம் முழுக்க விரிந்த ரயத்துவாரி முறைக்கு அடிப்படை.

பாடப்புத்தகத்தில் நாம் படித்தது ஒரே வரி: இடைத்தரகர் இல்லாமல் அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழவர் என்றால் யார்? ஏர் பிடித்தவரா, ஏருக்குச் சொந்தக்காரரா?

பட்டா என்பது வரி கட்டும் கைக்குக் கிடைத்த காகிதம். பண்ணையாளும் படியாளும் வரி கட்டவில்லை. கட்டும்படி அவர்கள் கையில் எதுவும் விடப்படவில்லை. ஆகவே வயலில் உழுதவர் ஒருவர், கணக்கில் உழுதவர் இன்னொருவர். பாராமகால் ஆவணங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அச்சகத்தில் தொகுதி தொகுதியாக அச்சாயின. மக்கள், விளைபொருள், உடைமை என்று தனித்தனிப் பகுதிகள். நாம் மக்கள் பகுதியில் ஒரு சாதியாக வருவோம். உடைமைப் பகுதியில் நம்மைத் தேடிப் பாருங்கள்.

"வெள்ளைக்காரன்தான் நம் நிலத்தைப் பிடுங்கினான், அதற்கு முன் எல்லோருக்கும் நிலம் இருந்தது" என்று மேடையில் முழங்குகிறார்கள். சாதி இந்துக்களுக்கு இது மிக வசதியான கதை. 1965இல் தர்மா குமார் என்ற பொருளியல் வரலாற்றாளர், கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தன் நூலில் இதைக் கலைத்துப் போட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அதாவது கம்பெனி ஆட்சி வேர்விடும் முன்பே, சென்னை மாகாண மக்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் நிலமற்ற கூலிகளாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகள் என்று சொல்லவேண்டியதில்லை. நிலமின்மைக்கு முதல் காரணம் சாதி. கம்பெனி அதை உருவாக்கவில்லை, கணக்கெழுதி உறுதிப்படுத்தியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் பாதி வரலாறுதான் சொல்கிறார்.

இனி அடிமை ஒழிப்பு. உலகத்துக்கே அடிமை ஒழிப்பைக் கற்றுத்தந்ததாகப் பிரிட்டன் பெருமை பேசும். 1833இல் அதற்கான சட்டம் வந்தது. அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளின் எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அந்தப் பணம் எந்தெந்தக் குடும்பங்களுக்குப் போனது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பெயர் பெயராகத் தேடி, பொதுமக்கள் பார்க்கும்படி தரவுத்தளமாக வைத்திருக்கிறார்கள். ஜேன் ஆஸ்டினின் மேன்ஸ்ஃபீல்ட் பார்க் நாவலில் அந்தப் பணக்கார வீட்டுக்கு ஆன்டிகுவா தீவில் தோட்டம் இருப்பதை எட்வர்ட் செய்த் கவனப்படுத்திய பிறகு, இலக்கிய மாணவர்கூட அந்த நாவலைப் பழையபடி படிக்க முடிவதில்லை.

சரி, நமக்கு? அதே 1833 சட்டத்தின் 64ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது. ஒரே ஒரு பிரிவு. பள்ளரும் பறையரும் புலையரும் அந்தப் பிரிவால் சட்டத்துக்கு வெளியே கிடந்தார்கள். 1843இன் 5ஆம் சட்டம் வந்தபோதும், அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. அடிமைமேல் உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னது. குடியிருக்கும் மனைகூட ஆண்டையுடையதாக இருக்கிறவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? "இங்கேயுள்ள அடிமைத்தனம் மென்மையானது, பழைய வழக்கம்" என்று கம்பெனி அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. நிலவரி வர வேண்டுமானால் வயலில் ஆள் நிற்க வேண்டும். ஆண்ட்ரியா மேஜர் 2012இல் எழுதிய நூல் இந்த இரட்டை நாக்கைத்தான் ஆராய்கிறது. கரீபிய அடிமை முறை பற்றி வந்துள்ள ஆய்வு நூல்களுக்கு முன் நம்மைப் பற்றியவை ஒரு கைப்பிடி. அந்தத் தொகையை நாம்தான் கூட்ட வேண்டும்.

ஆவணத்தைப் படிப்பதால் என்ன ஆகும் என்பதற்குச் செங்கல்பட்டுதான் சான்று. 1891இல் அங்கே பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்பதையும், பறையர் நிலம் பெற முயன்றால் எப்படி அடக்கப்பட்டார்கள் என்பதையும் அறிக்கையாக எழுதினார். வருவாய் வாரியம் முரண்டு பிடித்தது. இருந்தும் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் சொல்வதற்கு மூலம் அது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் காட்டுவது, அதிகாரிகளும் நிலவுடைமைச் சாதியாரும் ஒருவரையொருவர் தாங்கி நின்று இத்தகைய முயற்சிகளை எப்படி நீர்த்துப்போகச் செய்தார்கள் என்பதை. அவர் அதற்காகப் படித்தவை அரசுக் கோப்புகளும் மிஷனரிகளின் கடிதங்களும்தான்.

அந்த அரசாணை தூசிக்குள்ளிருந்து எடுத்துப் பேசப்பட்டதால்தான் மீட்புப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10இல் காரணை மீட்புப் போராட்டத்தையொட்டி நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். ஆராய்ச்சி என்றால் நூலக வேலை என்று நினைக்கிற தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

அம்பேத்கரின் முதல் ஆயுதமும் இதுவே. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1921இல் எம்.எஸ்சி. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்திய நிதி நிர்வாகம்; 1923இல் டி.எஸ்சி. பட்டத்துக்கு ரூபாய் பிரச்சினை. ஆள்பவரின் கணக்குப் புத்தகத்தை ஆள்பவரைவிட நன்றாகப் படித்தவர் என்பதால்தான் வட்டமேசையில் அவர் குரலைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

லண்டன் போக எல்லோராலும் முடியாது. எழும்பூர் ஆவணக் காப்பகம் ஒரு இரவுப் பயணம். அதைவிடப் பக்கம் வட்டாட்சியர் அலுவலகம். உங்கள் ஊரின் பழைய அ-பதிவேட்டுக்கும் யு.டி.ஆர். பதிவேட்டுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்குங்கள். குறிப்புக் கலத்தில் டி.சி. என்று முன்னதில் இருந்து பின்னதில் காணாமல்போன சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்று அந்த எண்ணில் யார் பெயர், என்ன கட்டடம், எந்த வேலி என்பதை எதிரே குறித்துக்கொள்ளுங்கள். நோட்டோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.